நிருபர் தூதர் ஆக முடியுமா? வேலூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது: வேலூரில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான்கு வருடமாகச் செய்தி சேகரிக்கிறார் ஒரு பெண். வயது 27. குல்தீப் நய்யார் மாதிரி பத்திரிகையிலிருந்து தூதர் பதவிக்குப் போக இன்று வழி உண்டா, எங்கிருந்து தொடங்குவது, இந்த நான்கு வருடத்துக்கு அங்கே ஏதாவது மதிப்பு உண்டா?

மதிப்பு உண்டு, வழியும் உண்டு. ஆனால் குல்தீப் நய்யார் போன வழியை நம்பி உட்கார வேண்டாம். அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, அழைப்பு மட்டும்தான் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், இரண்டு வேலைக்கும் எங்கே ஒட்டு, எங்கே வெட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 3வது பிரிவு, தூதரகத்தின் வேலைகளை ஐந்தாகச் சொல்கிறது: அனுப்பிய நாட்டின் சார்பாக நிற்பது, அதன் குடிமக்களின் நலனைக் காப்பது, பேச்சு நடத்துவது, அந்த நாட்டின் நிலவரத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அறிந்து தலைநகருக்கு எழுதுவது, நட்பை வளர்ப்பது. நான்காவது அப்படியே நிருபர் வேலை. ஆனால் இலட்சம் பேர் படிக்கும் காப்பி, அதாவது செய்திப் பிரதி, பத்து பேர் படிக்கும் காப்பியாகிறது. அந்தப் பத்து பேரும் அதை வைத்து முடிவெடுப்பவர்கள் என்பதால் எழுதும் முறையே தலைகீழாகிறது.

உங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பலகைகள் தொங்குவதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் இந்திய விசா வழங்குவது சுருங்கியது; நோயாளிகள் வருவது குறைந்தது. இதை நாளிதழுக்கு எப்படி எழுதுவீர்கள்? பூட்டிக் கிடக்கும் லாட்ஜ் அறைகளில் தொடங்கி, ஆட்டோக்காரர் ஒருவரின் புலம்பல், மெஸ் நடத்துபவரின் மேற்கோள், கடைசியில் பின்னணி. நல்ல காப்பிதான்.

இப்போது வங்கதேச அதிகாரி ஒருவர் வேலூருக்கு வந்து பார்த்துவிட்டு டாக்காவுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் இரண்டே வாக்கியம்: என்ன நடந்தது, அதனால் நமக்கு என்ன. இரண்டாவது பத்தியில் யார் சொன்னது, அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம். லாட்ஜ் உரிமையாளருக்கு நஷ்டத்தைப் பெரிதாக்கிச் சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அந்த எண்ணிக்கை கிடைத்தால் அதற்குத்தான் எடை அதிகம். மூன்றாவது பத்தி 'கருத்து' என்று தலைப்பிட்டுத் தனியாக நிற்கும்: இது விசாவால் வந்த சரிவா, அல்லது நோயாளிகள் வேறு நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பிவிட்டார்களா? கடைசிப் பத்தி, தலைமை என்ன செய்யலாம். ஆட்டோக்காரர் புலம்பலுக்கு இடமே இல்லை. இருந்தாலும் அரை வரி.

பத்திரிகையிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தில் மூன்று தவறு செய்வார்கள். ஒன்று, தகவலையும் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலப்பது. தமிழ்ப் பத்திரிகை நடையில் 'பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது' என்று முடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது தூதரகம் தலைநகருக்கு அனுப்பும் அறிக்கையில், அதாவது தந்தியில், அறவே கூடாது. யாருக்குப் பரபரப்பு? இரண்டு, மூலத்தை மறைப்பது. நிருபர் தன் மூலத்தை வாசகரிடமிருந்து காப்பாற்றுகிறார். தூதரக அதிகாரி அதைத் தன் வாசகரிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யார் சொன்னார் என்பதுதான் பாதிச் செய்தி. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று எழுதினால் தலைநகரில் அந்தத் தாளைக் கீழே வைத்துவிடுவார்கள். மூன்று, முந்திக்கொள்ளும் ஆசை. சங்கேதத் தந்தி டி.வி.யோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. டி.வி.யில் வந்துவிட்ட செய்திக்கு அர்த்தம் சொல்லத்தான் தந்தி.

யார் சொன்னார் என்பது பாதிச் செய்தி என்றதற்குச் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம், பத்திரிகையாளராக இருந்து தூதரானவருடையதுதான். கே.எம். பணிக்கர் 1924ல் இந்துஸ்தான் டைம்ஸ் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர். பிறகு சமஸ்தானங்களில் திவான் வேலை, 1948ல் சீனாவுக்குத் தூதர். சியாங் கை ஷேக் ஆட்சி போய் மாவோ ஆட்சி வந்தபின் 1950ல் மறுபடியும் பீக்கிங்குக்கே அனுப்பப்பட்டார். 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். சீனப் பிரதமர் சூ என்லாய் அவரை வீட்டிலிருந்து அழைத்து, அமெரிக்கப் படை வட, தென் கொரியாவைப் பிரித்த 38வது இணைகோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்றார். எந்த நிருபருக்கும் வாழ்நாளில் கிடைக்காத செய்தி. பணிக்கர் உடனே டெல்லிக்கு அனுப்பினார், டெல்லி வழியாக வாஷிங்டனுக்கும் போனது. வாஷிங்டன் நம்பவில்லை. சீனா மிரட்டிப் பார்க்கிறது என்று நினைத்தார்கள். செய்தியைக் கொண்டுவந்தவர் சீனா பக்கம் சாய்ந்தவர் என்ற எண்ணமும் அங்கே ஏற்கெனவே இருந்தது. அக்டோபர் 7ல் அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. 19ஆம் தேதி சீனப் படை யாலூ ஆற்றைக் கடந்தது.

செய்தி நூற்றுக்கு நூறு சரி. கொண்டுபோனவர் மேல் நம்பிக்கை இல்லாததால் பயன்படவில்லை. அதே பணிக்கர் அதே மாதம் திபெத் விஷயத்தில் சீனாவின் எண்ணத்தைச் சரியாக அளக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் ஆளானார். சீனாவின் செயல்களுக்கு நம் தூதரே சமாதானம் தேடுகிறார் என்ற பொருள்பட 1950 நவம்பர் 7ல் படேல் நேருவுக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். மூலத்தோடு மிக நெருங்கிவிடும் நிருபருக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்: எஸ்.பி. ஆபீஸ் பீட்டில், அதாவது அந்தச் செய்திப் பொறுப்பில், ஐந்து வருடம் இருப்பவர் போலீஸ் மொழியிலேயே எழுத ஆரம்பித்துவிடுவார். வெளியுறவுத் துறையில் அதிகாரிகளை மூன்று வருட அளவில் இடம் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர்களில் பார்க்க வேண்டியவர் ஜி. பார்த்தசாரதி. சென்னைக்காரர், ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர், தி இந்து ஆசிரியர் குழுவில் இருந்து பிறகு பி.டி.ஐ. செய்தி நிறுவனத்துக்குப் போனவர். 1954க்குப் பிறகு இந்தோசீனக் கண்காணிப்பு ஆணையத்தில் கம்போடியா, வியட்நாம். அடுத்து இந்தோனேசியா, சீனா, பாகிஸ்தான், 1965 முதல் ஐ.நா. நடுவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி இவரைத்தான் கொழும்புக்கு அனுப்பினார். இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவோடும் தமிழர் விடுதலைக் கூட்டணியோடும் மாறி மாறிப் பேசி இவர் உருவாக்கிய யோசனைகள் 'இணைப்பு சி' என்ற பெயரில் 1984 சர்வகட்சி மாநாட்டுக்குப் போயின. மாவட்ட அளவில் நின்ற அதிகாரப் பகிர்வை மாகாண அளவுக்கு உயர்த்துவதே அதன் கரு. மாநாடு தோற்றது, ராஜீவ் காந்தி காலத்தில் அந்த வேலை வேறு கைக்கு மாறியது. ஆனாலும், இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு, இரண்டு பேரும் 'நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுவது, செய்தியைத் திருத்தும் நல்ல டெஸ்கில் உட்கார்ந்தவருக்குத்தான் வரும் என்பது என் எண்ணம்.

இன்னொருவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்து, சிங்கப்பூர் நாளிதழ்களில் எழுதியவர். 1965ல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1967 ஆகஸ்ட் 8ல் ஆசியான் பிறந்த பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். ஆனால் அவர் அரசியல் வழியாக வந்தவர். அந்தக் கணக்கு வேறு.

இப்போது அந்த அழைப்பு வழி. குல்தீப் நய்யாரை 1990ல் வி.பி. சிங் அரசு லண்டனுக்கு ஹைகமிஷனராக அனுப்பியது. நவம்பரில் அரசு கவிழ்ந்தது, அவர் பதவியும் அதோடு முடிந்தது. எச்.கே. துவா, பெரிய ஆங்கில நாளிதழ்களுக்கு ஆசிரியராக இருந்தவர், வாஜ்பாயின் செய்தி ஆலோசகராகி, 2001ல் டென்மார்க் போனார். இவர்களெல்லாம் பிரதமர் அலுவலகத்துக்குப் பெயர் சொன்னாலே தெரிந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், டெல்லியிலேயே வாழ்ந்தவர்கள். வெளியாளைத் தூதராக்குவதில் உங்கள் ஊருக்கே ஒரு பங்கு உண்டு: அன்றைய வட ஆற்காட்டில் இருந்த திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனை 1949ல் நேரு மாஸ்கோவுக்கு அனுப்பினார். அவர் பேராசிரியர், பத்திரிகையாளர் அல்ல. அழைப்பு வழி எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படிப் பெயர் முடிவானாலும் நேராக விமானம் ஏற முடியாது. பெறும் நாட்டிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சம்மதம் கேட்க வேண்டும். இதற்கு 'அக்ரேமா' என்று பெயர். வியன்னா உடன்படிக்கையின் 4வது பிரிவுப்படி, மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் வாயால் மறுக்கவும் மாட்டார்கள், பதிலே வராது. பத்திரிகையாளருக்கு இங்கே ஒரு தனித் தொல்லை: அவர் இருபது வருடம் எழுதிய தலையங்கங்களை அந்த நாட்டுத் தூதரகம் எடுத்துப் படித்துவிடும். சம்மதம் வந்தபின் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நம்பிக்கைச் சான்று, அதை அந்த நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுக்கும் சடங்கு. அதற்குப் பிறகுதான் முழுத் தூதர். காமன்வெல்த் நாடென்றால் பெயர் மட்டும் ஹைகமிஷனர்.

பாகிஸ்தானில் இந்த வழி இன்னும் அகலம். மலீஹா லோதி, ஷெர்ரி ரஹ்மான், ஹுசைன் ஹக்கானி மூவரும் பத்திரிகையிலிருந்து வாஷிங்டனுக்குத் தூதராகப் போனவர்கள். ஹக்கானி 2011 நவம்பரில், அமெரிக்க ராணுவத் தலைமைக்குப் போன ஒரு ரகசியக் குறிப்புக்குப் பின்னால் இருந்தார் என்ற புகாரில் பதவி விலகினார். அவர் மறுத்தார், ஆனால் அரசியல் நியமனத்தில் வந்தவருக்குப் பின்னால் நிற்க ஒரு சர்வீஸ் இருக்காது.

சரி, உங்கள் வழிக்கு வருவோம். 27 வயதில் நீங்களாகவே நுழையக்கூடியது யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீசஸ் தேர்வு. பத்திரிகை அனுபவத்துக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனால் பழக்கம் உதவும். பொதுப்பிரிவுக்கு 32 வயது, 6 முறை, ஓ.பி.சி.க்கு 35 வயது, 9 முறை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம். வயதுக் கணக்கு தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1. முதல்நிலைத் தேர்வில் பொது அறிவுத் தாள் 200 மதிப்பெண், இன்னொரு தாள் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற வகை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தரவரிசைக்குக் கணக்காவது 1750 எழுத்து, 275 நேர்முகம், ஆக 2025. வெளியுறவுப் பணிக்கு ஆண்டுக்கு முப்பதுக்கு மேல், சில ஆண்டு ஐம்பதைத் தாண்டி எடுக்கிறார்கள். விருப்பப் பட்டியலில் அதை மேலே எழுதாவிட்டால், நல்ல ரேங்க் வந்தாலும் வேறு பணிதான் கிடைக்கும்.

நிருபர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், நடப்பு நிகழ்வு தெரியும் என்ற தைரியத்தில். 'என்ன நடந்தது' தெரியும். 'எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு' தெரியாது. முதன்மைத் தேர்வின் முதல் மூன்று பொது அறிவுத் தாள்களில் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி, 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல், 15க்கு 250 சொல். சராசரியாக ஒன்பது நிமிடம். டெட்லைனுக்கு எழுதிப் பழகிய கைக்கு இது பயமில்லை. ஆனால் சுவாரசியமான முதல் வரிக்கு இரண்டு நிமிடம் போனால் கடைசி மூன்று கேள்வி போய்விடும்.

ஓ.பி.சி. சான்றிதழ் விஷயத்தில் கவனம். நம் ஊரில் பள்ளியிலிருந்து வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று, தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும். எந்த நிதியாண்டு வருமானம், எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு மறுநாள் தேதியிட்ட சான்றிதழால் எல்லாமே கெட்டுப்போக முடியும். இ-சேவையில் போடும் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர நாளாகும். அறிவிக்கை வந்தபின் ஓடாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா? உடனே வேண்டாம். மாநில அரசு நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதம் தருகிறது. சென்னையில் அரசின் குடிமைப்பணிப் பயிற்சி மையமும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. இரண்டில் ஒன்று கிடைத்தபின் யோசியுங்கள்.

விரிவான விண்ணப்பத்தில் முந்தைய வேலையை எழுதுவீர்கள்; நேர்முகத்தில் கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். நிருபர் என்றால் அரசை விமர்சித்த செய்தியைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். வேலூர் என்றால் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, கண்டியின் கடைசி மன்னன் கோட்டைக்குள் சிறையிருந்து 1832ல் இறந்தது, ஆம்பூர் தோல். உங்கள் மேல் வழக்கு ஏதாவது, சாலை மறியலைப் படமெடுக்கப் போய்ப் பெயர் சேர்ந்த எஃப்.ஐ.ஆர். கூட, இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வழக்கைவிட மறைத்ததுதான் பின்னால் சிக்கலாகும்.

தேர்வானால் முசூரியில் அடிப்படைப் பயிற்சி, டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம், பிறகு ஒரு வெளிநாட்டு மொழி. அரபு, சீனம், பிரெஞ்சு என்று எது ஒதுக்கப்படுகிறதோ அதில் தேர்ச்சி பெற்றால்தான் பணி உறுதியாகும். மூன்றாம் செயலரில் தொடங்கித் தூதராக இருபது வருடத்துக்கு மேல். முதல் நாளிலிருந்து எழுத்து உண்டு. 'நோட் வெர்பால்' என்ற கடிதம் படர்க்கையில் இருக்கும், கையெழுத்து கிடையாது, சுருக்கொப்பமும் முத்திரையும் மட்டும். 'நான்-பேப்பர்' என்றால் தலைப்பும் இல்லை, முத்திரையும் இல்லை. பின்னால் 'எங்களுடையது அல்ல' என்று சொல்வதற்காகவே அப்படி. செய்தியோடு தன் பெயரும் வர வேண்டும் என்ற பைலைன் ஆசை உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

வேறு வாசல்களும் உண்டு. மத்திய பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணி: அடிப்படைச் சம்பளம் ரூ.44,900, வயது 30 வரை, ஓ.பி.சி.க்கு மூன்று வருடத் தளர்வு, தூதரகங்களில் பணியமர்த்தல் உண்டு. ஆனால் நிர்வாகம், கணக்கு, கான்சுலர் (விசா, பாஸ்போர்ட், குடிமக்களுக்கு உதவி) வேலைதான் அதிகம். சிவில் சர்வீசஸ் வழியாகவே கிடைக்கும் இந்திய தகவல் பணி பத்திரிகைக்கு மிக நெருக்கம். சென்னையில் உள்ள வெளிநாட்டுத் துணைத் தூதரகங்கள் செய்திப் பிரிவுக்கு உள்ளூர்க்காரர்களை எடுப்பதுண்டு. தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்துச் சுருக்கி ஆங்கிலத்தில் கொடுப்பது அங்கே முக்கிய வேலை. நிருபர் அனுபவத்துக்கு நேரடி மதிப்பு இங்கேதான். ஆனால் அது வேலை மட்டும். தூதர் அந்தஸ்தோ சட்ட விலக்கோ வராது.

எந்த வாசலில் அரசுக்குள் நுழைந்தாலும் நடத்தை விதிகள் உண்டு. வெளியுறவுப் பணிக்கு 1961 விதிகள், அதன் மேல் 1923 அலுவலக ரகசியச் சட்டம். அனுமதியில்லாமல் பத்திரிகையில் எழுத முடியாது, அரசின் கொள்கையை வெளியே விமர்சிக்க முடியாது. நீங்கள் நேற்று வரை கேள்வி கேட்ட திட்டத்தை நாளை வெளிநாட்டவரிடம் நியாயப்படுத்த வேண்டியிருக்கும். இது முடியாது என்று தோன்றினால் இப்போதே விட்டுவிடுவது நல்லது. அதில் கேவலம் ஒன்றுமில்லை.

படிக்கும் காலத்தில் பீட்டை மாற்றிக்கொள்ளப் பாருங்கள். வெளியுறவு வேலூருக்குள்ளேயே நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோலில் ஜெர்மனி தடை செய்த ரசாயனங்கள் தொண்ணூறுகளில் ஏற்றுமதியை எப்படி உலுக்கின, மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை ஏன் சிக்கலாகிறது என்பதெல்லாம் வணிகப் பக்கச் செய்தியும் உள்ளூர்ச் செய்தியும் மட்டுமல்ல. அடுத்த முறை வளைகுடாவில் இறந்த தொழிலாளியின் உடலுக்காகக் குடும்பத்தார் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளில் நிற்கும்போது, மனு கொடுத்த படத்தோடு செய்தியை முடிக்காதீர்கள். மரணச் சான்றிதழ், போலீஸ் அறிக்கையும் மொழிபெயர்ப்பும், வாரிசின் ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல், உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று: இதில் எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்று 'மதத்' தளத்தில் போட்ட புகார் எண்ணோடு கடைசிவரை பின்தொடருங்கள். 'மதத்' என்பது வெளிநாட்டில் சிக்கிய இந்தியருக்காக வெளியுறவு அமைச்சகம் 2015ல் தொடங்கிய இணையதளம். வளைகுடாத் தூதரகம் ஒன்றில் கான்சுலர் மேசையில் இருக்கும் அதிகாரியின் முன்னாலும் அதே தாள்கள்தான் கிடக்கும், மறுமுனையிலிருந்து.